நிலைக்கும் மெழுகும் மறையும் மெழுகும்

மன்னார்ப் பெருநிலப் பகுதியில், மாந்தையைக் கடந்து வடக்கே பூநகரி நோக்கிச் செல்லும் வீதியில் பாப்பாமோட்டை என்னும் சிற்றூர் உள்ளது. மோட்டை என்பது வன்னிப் புறத்தில் சிறு குளத்தைக் குறிக்கும் சொல். வயலும் குளமும் ஒரு பக்கம். உவர்நிலமும் கண்டற் காடும் ஆழமில்லாத கடலும் மறுபக்கம். சேற்றினின்றும் எழுதுகோல் முனைகளைப்போல் நீட்டி நிற்கும் கண்டலின் சுவாச வேர்கள், நீர் வற்றும்போது உப்புப் பூத்து வெளுக்கும் களிமண், வாடைக்காலத்தில் மன்னார்க் கரைகளுக்கு வந்திறங்கும் பூநாரைக் கூட்டம் ஆகிய இவையெல்லாம் ஓவியன் ஒருவனைத் தாமே அழைக்கும் காட்சிகள்.

ஆனால் இத்தகைய கரையிலே வரையப்படும் படம் எத்துணைக் காலம் நிலைக்கும்? உப்புக் காற்று தாளை ஈரமாக்கும். நீர் வர்ணம் பூஞ்சணம் பிடிக்கும். எண்ணெய் வர்ணம் நாளடைவில் மஞ்சளிக்கும். கடற்கரைக் கலைஞனுக்கு இது புதிய கவலையன்று. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இதற்கு ஒரு விடை கண்டவர்கள் உண்டு. அவ்விடை தேனீயின் வயிற்றிலிருந்து வந்தது. அதுவே மெழுகு.

கி.பி. 79ஆம் ஆண்டில் மறைந்த உரோம அறிஞர் பிளினி, தாம் எழுதிய இயற்கை வரலாற்று நூலில் இலங்கையைத் தப்ரபேன் என்னும் பெயரால் விரிவாகக் குறிப்பிடுகிறார். இத்தீவினின்றும் உரோமப் பேரரசன் கிளாடியஸின் அவைக்குச் சென்ற தூதரைப் பற்றியும் கூறுகிறார். அதே நூலின் மற்றொரு பகுதியில், கப்பல்களுக்கு மெழுகு வர்ணம் தீட்டும் முறையை அவர் விவரிக்கிறார். மெழுகைத் தீயில் உருக்கி, வர்ணம் கலந்து, தூரிகையால் பூசினால், வெயிலாலும் உப்பாலும் காற்றாலும் அது கெடுவதில்லை என்பது அவர் தரும் செய்தி. பாப்பாமோட்டைக்குத் தெற்கே சில கல் தொலைவில் உள்ள மாந்தைத் துறைமுகம், இந்துமாக்கடல் வாணிகத்தின் பெருஞ்சந்திகளுள் ஒன்றாக விளங்கியது என்பதை 1980 முதல் 1984 வரை அங்கு நடந்த அகழ்வாய்வு காட்டியது. கப்பலையும் கடற்காற்றையும் நன்கறிந்த ஒரு கரைக்கு, கப்பலிலே பயின்ற இக்கலை அந்நியமானதன்று.

இம்முறையில் தீட்டும் ஓவியத்துக்கு மேலைநாட்டார் வழங்கும் பெயர் என்காஸ்டிக் என்பது. சூட்டினால் உட்பதிக்கப்பட்டது என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது அப்பெயர். தமிழில் இதனைச் சூட்டு மெழுகோவியம் என்னலாம். மெழுகு இருந்தால் மட்டும் போதாது, சூடு வேண்டும். வர்ணத்தைப் பூசுவதற்கும் சூடு வேண்டும். பூசிய பின்னர் ஒரு படையை மறு படையுடன் ஒட்டி ஒன்றாக்குவதற்கும் சூடு வேண்டும். இந்த இரண்டாவது சூடு கிடைக்காவிட்டால் படைகள் தனித்தனியே நின்று, காலப்போக்கில் செதிலாய் உதிர்ந்துவிடும்.

தேன்மெழுகு உழைக்கும் தேனீயின் அடிவயிற்றுச் சுரப்பிகளினின்றும் சிறு செதில்களாய் வெளிவருவது. அச்செதில்களைத் தேனீ வாயிலிட்டு மென்று குழைத்து, அறுகோண அறைகளாகக் கட்டுகிறது. ஒரு கிலோ மெழுகு உண்டாவதற்குத் தேனீக்கள் அதனினும் பன்மடங்கு தேனை உண்ண வேண்டும் என்பர். ஆகவே மெழுகு எளிதில் கிடைக்கும் பொருளன்று. அது ஏறத்தாழ 62 முதல் 64 பாகை சென்டிகிரேட் சூட்டில் உருகும். நீர் அதனை ஊடுருவாது. எண்ணெயைப்போல் அது காற்றுப்பட்டு மஞ்சளிப்பதுமில்லை. ஆனால் தனி மெழுகு மென்மையானது. நகம் பட்டாலும் கீறும். ஆகையால் அதற்கு உறுதி தர ஒரு மரப்பிசினைச் சேர்ப்பது வழக்கம். இன்றைய மெழுகோவியர் பெரும்பாலும் தென்கிழக்காசியக் காடுகளில் கிடைக்கும் தமர் என்னும் பிசினைச் சேர்க்கின்றனர். எட்டுப் பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு பிசின் என்பது பலர் கையாளும் அளவு. இக்கலவையிலே பொடி வர்ணத்தைச் சேர்த்தால் தீட்டுவதற்குரிய மெழுகு ஆயத்தமாகிவிடும்.

ஓவியன் சூடேற்றிய உலோகத் தட்டின்மீது சிறு கிண்ணங்களை வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வர்ணத்தை உருக்கிக்கொள்கிறான். தூரிகையைத் தோய்த்துப் பலகையில் வைத்தவுடனே மெழுகு இறுகத் தொடங்குகிறது. தயங்குவதற்கு நேரமில்லை. ஆனால் திருத்துவதற்கு என்றும் வழியுண்டு. சூட்டைக் காட்டினால் நேற்றைய கோடும் இன்று இளகும். அடுத்தடுத்துப் பல படைகளைப் பூசலாம். மேற்படையைச் சுரண்டிக் கீழுள்ள வர்ணத்தை வெளிக்காட்டலாம். ஊசியால் கீறி, அக்கீறலில் வேறு வர்ணத்தை நிரப்பலாம். காய்ந்த இலையையும் மணலையும் படைகளுக்கிடையே பொதிந்து வைக்கலாம். மெழுகு ஓரளவு ஒளி ஊடுருவும் பொருளாகையால், ஒளி மேற்பரப்பிலே நின்றுவிடாது உள்ளே சென்று மீள்கிறது. கலங்கல் நீரையும் அதனடியிலே தெரியும் சேற்றையும் ஒருங்கே காட்டுவதற்கு இதனினும் பொருத்தமான வர்ணம் அரிது. கம்பியாலும் மரத்தாலும் உட்கூடு அமைத்து, அதன்மேல் மெழுகைப் படைபடையாக ஏற்றினால் அதே பொருள் சிற்பமும் ஆகும். ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் இடையே உள்ள வரம்பு இக்கலையில் மிக மெல்லியது.

மெழுகோவியத்தில் முதற் புகழாளன் என்று பிளினி குறிப்பிடுவது சிக்கியோன் நகரத்துப் பவுசியாஸ் என்னும் ஓவியனை. கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அவன், தன் ஊரில் பூமாலை கட்டி விற்ற கிளிசெரா என்பாளைக் காதலித்தானாம். அவள் கட்டிய மாலைகளைப் பார்த்து, அவளோடு போட்டியிட்டுப் பூக்களை வரைந்து வரைந்து, எண்ணிறந்த பூவகைகளை ஓவியத்திற்குக் கொண்டுவந்தான் என்பது கதை. அவள் கட்டிய பூக்கள் மாலைக்குள் வாடின. அவன் தீட்டிய பூக்களோ நூற்றாண்டுகள் வாழ்ந்தன. ஆயினும் அவற்றுள் ஒன்றேனும் இன்று எஞ்சியிருக்கவில்லை. புகழ் மட்டுமே நூலில் நின்றது.

எஞ்சியவை வேறோரிடத்தில் கிடைத்தன. எகிப்து நாட்டின் ஃபையூம் பகுதியில், கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில் இறந்தோரின் உருவங்களை மெல்லிய மரப்பலகையில் தீட்டி, பதப்படுத்திய உடலின் முகத்தருகே வைத்துக் கட்டும் வழக்கம் இருந்தது. அவற்றுட் பல மெழுகால் தீட்டப்பட்டவை. 1888ஆம் ஆண்டில் ஹவாரா என்னுமிடத்திலே ஃபிளிண்டர்ஸ் பெட்ரி என்னும் ஆய்வாளர் இத்தகைய பல முகங்களை மணலினின்றும் வெளிக்கொணர்ந்தார். பெயரறியாத ஆடவரும் பெண்டிரும் சிறுவரும் அகன்ற கண்களால் இன்றும் எதிரே பார்க்கின்றனர். தூரிகையின் தடமும் அப்படியே இருக்கிறது. சீனாய் மலையிலுள்ள புனித கத்தரீன் மடத்தில் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிறிஸ்து பெருமானின் மெழுகோவியமும் இன்றளவும் காக்கப்படுகிறது.

பின்னர் முட்டைக்கரு வர்ணமும் எண்ணெய் வர்ணமும் பரவ, மெழுகோவியம் மெல்ல வழக்கொழிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் கேய்லஸ் பிரபு பிளினியின் சொற்களைத் துணைக்கொண்டு இதனை மீட்க முயன்றார். இருபதாம் நூற்றாண்டில் மின்சார அடுப்பு வந்த பின்னரே மெழுகை ஒரே சூட்டில் வைத்திருப்பது எளிதாயிற்று. 1954, 1955ஆம் ஆண்டுகளில் அமெரிக்க ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸ், செய்தித்தாள் துண்டுகளின்மேல் மெழுகு வர்ணம் தீட்டித் தம் நாட்டுக் கொடியை வரைந்தபோது, மறந்துபோன இக்கலையின்பால் உலகின் கண் மீண்டும் திரும்பியது.

இவ்வரலாற்றில் உற்று நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. பவுசியாஸின் பூக்கள் அழிந்தன. ஃபையூம் முகங்கள் நிலைத்தன. மெழுகு இரண்டிற்கும் ஒன்றே. வேறுபட்டது இடம். எகிப்தின் வறண்ட மணல் மெழுகையும் அதன் பின்னுள்ள பலகையையும் காத்தது. தமிழர் வாழும் நிலங்களிலோ மழையும் வெம்மையும் மாறி மாறி வருகின்றன. பலகையைச் செல் அரிக்கும். கடும் வெயிலில் மெழுகு இளகும். இங்கு மெழுகினை நம்பி ஓர் உருவத்தை நெடுங்காலம் விட்டுவைக்க இயலாது. இதனை நன்குணர்ந்த தமிழ்நாட்டுச் சிற்பிகள் மெழுகைக் கைவிடவில்லை; அதற்கு வேறொரு பணியைக் கொடுத்தனர். மெழுகில் உருவத்தைப் படைத்து, அம்மெழுகை மறையச் செய்து, உருவத்தை மட்டும் வெண்கலத்தில் நிறுத்தினர்.

வடமொழிச் சிற்ப நூல்கள் இம்முறையை மதுச்சிஷ்ட விதானம் என்று கூறும். மதுச்சிஷ்டம் என்றால் தேன் எடுத்தபின் எஞ்சுவது, அதாவது மெழுகு. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் வழங்கும் மானசோல்லாசம் என்னும் நூல் இதனை விளக்குகிறது. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் இம்முறையிலேயே படிமங்களை வார்க்கின்றனர். அவர்கள் தேன்மெழுகுடன் குங்கிலியத்தையும் கடலையெண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சி மெழுகைப் பதப்படுத்துகின்றனர். குங்கிலியம் என்பதும் மரப்பிசினே. அதனைத் தரும் மரங்களுட் சிலவும், தமர் தரும் மரங்களும், இலங்கையின் ஈரக்காடுகளில் வளரும் ஹால் மரமும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மேலைநாட்டு ஓவியனும் காவிரிக்கரைச் சிற்பியும் தேனீயிடமும் மரத்திடமும் ஒரே வரத்தைக் கேட்டிருக்கின்றனர்.

சிற்பி முதலில் தென்னோலையில் ஒரு கீற்றை, வார்க்கப்போகும் படிமத்தின் உயரத்துக்கு நறுக்குகிறான். அதனை மடித்து மடித்து முகம், மார்பு, இடை, தொடை என்னும் அளவுகளைக் குறிக்கிறான். தலைமைத் தெய்வங்களுக்குரிய உத்தம தசதாலம் என்னும் அளவில் முழு உயரம் 124 பங்குகளாகப் பகுக்கப்படும். அளவு நூலினின்றும் வருகிறது. வடிவமோ இயற்கையினின்றும் வருகிறது. அவனீந்திரநாத தாகூர் 1914ஆம் ஆண்டில் இந்தியச் சிற்ப உடலமைப்பைப் பற்றி எழுதிய சிறு நூலில் இவ்வுவமைகளைப் படங்களுடன் தொகுத்துக் காட்டினார். கண்ணுக்குக் கயல்மீன், புருவத்துக்கு வேப்பிலை, மூக்குக்கு எள்ளுப்பூ, இதழுக்குக் கோவைப்பழம், கழுத்துக்குச் சங்கு, முன்கைக்கு இளவாழைத் தண்டு, முழங்காலுக்கு நண்டின் ஓடு என்பன அவற்றுட் சில. மீனையும் சங்கையும் நண்டையும் நாள்தோறும் காணும் மன்னார்க் கரையோரத்து மக்களுக்கு இவ்வுவமைகள் ஏட்டுச் சொற்களல்ல.

மெழுகில் தலை, உடல், கை, கால் ஆகியவற்றைத் தனித்தனியே வனைந்து, காய்ச்சிய இரும்புக் கருவியால் இணைப்பிடங்களைத் தொட்டுச் சேர்ப்பர். சூட்டினால் ஒன்றாக்கும் அதே செயல் இங்கும் நிகழ்கிறது. பின்னர் ஆற்றின் நுண்ணிய வண்டலைக் குழைத்து மெழுகுருவின்மேல் மெல்லப் பூசுவர். நகத்தின் கோடும் அணியின் மணியும் இந்த முதற்பூச்சிலேதான் பதியும். அதன்மேல் மணல் கலந்த களிமண்ணைப் பூசி, இரும்புக் கம்பியால் கட்டி, நிழலில் உலர்த்துவர். வெயிலில் வைத்தால் உள்ளிருக்கும் மெழுகு காலத்துக்கு முன்பே இளகிவிடும் அன்றோ! நன்கு உலர்ந்த பின்னர் அச்சினைத் தீயில் சுட, மெழுகு துளை வழியே உருகி வெளியேறும். உள்ளே ஒன்றுமிராது, உருவத்தின் வெறுமை மட்டும் இருக்கும். அவ்வெறுமையிலே ஆயிரம் பாகையை ஒட்டிய சூட்டில் உருகிய உலோகத்தை வார்ப்பர். வெண்கலம் மெழுகைக் காட்டிலும் ஏறத்தாழ ஒன்பது மடங்கு எடை கொண்டது. எனவே மெழுகை நிறுத்துப் பார்த்தே வேண்டிய உலோகத்தைச் சிற்பி கணித்துவிடுகிறான்.

இம்முறையில் இடர் ஒன்றுண்டு. அச்சு வெடித்தாலும், காற்று அடைபட்டாலும், உலோகம் இடையிலே உறைந்தாலும் பலநாள் உழைப்பு முழுதும் வீணாகும். மெழுகுரு முன்பே போய்விட்டது. மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வார்ப்பு இனிது முடிந்தாலும் அச்சை உடைத்தே படிமத்தை வெளியே எடுக்க முடியும். ஆகையால் ஓர் அச்சில் ஒரே படிமம். ஒன்றைப்போல் மற்றொன்று அமைவதில்லை. மெழுகைக் கைவிடத் துணிந்தவனுக்கே வெண்கலம் கிட்டுகிறது.

இத்துணிவின் பயன் இலங்கையிலும் காணக் கிடைக்கிறது. பொலன்னறுவையின் சிவ தேவாலயங்களை அடுத்து 1907, 1908ஆம் ஆண்டுகளில் நடந்த அகழ்வில் நடராசர் முதலிய சைவ வெண்கலங்கள் வெளிப்பட்டன. 1960ஆம் ஆண்டில் மேலும் சில கிடைத்தன. அவை இங்கேயே வார்க்கப்பட்டனவா, தமிழ்நாட்டிலிருந்து வந்தனவா என்பது பற்றி அறிஞரிடையே இருவேறு கருத்துகள் உண்டு. ஆனந்த குமாரசுவாமி 1914ஆம் ஆண்டில் வெளியிட்ட இலங்கை வெண்கலங்கள் பற்றிய நூல், இவற்றை உலகறியச் செய்தவற்றுள் ஒன்று. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கிடைத்த தாரா தேவியின் படிமமோ அவற்றினும் தொன்மையானது. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என மதிக்கப்படும் அப்படிமம் 143 சென்டிமீட்டர் உயரமுடையது. உட்புழையின்றிக் கனமாக வார்க்கப்பட்டுப் பொன்முலாம் பூசப்பட்டது. ஆளுநராயிருந்த பிரவுண்ரிக் அதனை 1830ஆம் ஆண்டில் பிரித்தானிய அரும்பொருட்சாலைக்கு அளித்தார். அது இன்றும் இலண்டனிலேயே உள்ளது. அதன் இடையின் வளைவை முதலில் தாங்கிய மெழுகு உருகி ஓடி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகின்றன.

மெழுகு நிலைத்து நிற்பது ஒரு வழி. மறைந்து உருவம் தருவது மற்றொரு வழி. மூன்றாவது வழியும் ஒன்றுண்டு. துணியின்மேல் உருகிய மெழுகால் கோலம் வரைந்து, சாயத்தில் தோய்த்து, பின்னர் வெந்நீரில் மெழுகை நீக்கும் பத்திக் கலை அது. மெழுகு மூடிய இடத்தைச் சாயம் தொடாது. மெழுகில் விழும் நுண்ணிய வெடிப்புகளில் மட்டும் சாயம் புகுந்து, நரம்புபோன்ற கோடுகளை விட்டுச் செல்லும். இலங்கையில் இக்கலைக்குப் புத்துயிர் அளித்தோருள் முதன்மையானவர் ஏனா டி சில்வா அம்மையார் (1922-2015). அவருடன் இணைந்து உழைத்தவர்களுள் ஒருவர் லக்கி சேனநாயக்க (1937-2021).

இயற்கையை ஓவியத்திலும் சிற்பத்திலும் ஒருங்கே கண்ட இலங்கைக் கலைஞர் யார் என்று வினவினால், முதலில் நினைவுக்கு வரக்கூடிய பெயர் சேனநாயக்கவினுடையதே. தம்புள்ளையை அடுத்த தியபுபுலவில் மரங்களுக்கும் நீருக்கும் நடுவே அவர் வாழ்ந்தார். 1979ஆம் ஆண்டில் வெளியான இலங்கை நாணயத் தாள்களில் பறவைகளையும் செடிகொடிகளையும் விலங்குகளையும் அமைத்தவர் அவரே. அக்காலத்தில் கடைத்தெருவில் நோட்டு மாற்றிய ஒவ்வொருவரும் அவருடைய ஓவியத்தைக் கையில் ஏந்தியவர்கள்தாம். கந்தளம விடுதியின் படிக்கட்டின்மேல் சிறகு விரித்து நிற்கும் பேராந்தையும், கோட்டைப் பாராளுமன்ற மண்டபத்தில் தொங்கும் உலோகத் தாளிப்பனை விளக்கும் அவர் படைத்த சிற்பங்கள். எந்தப் பொருளை எடுத்தாலும் அதனிடம் இயற்கையின் ஒரு கூறினை அவர் ஒப்படைத்தார். பறவையின் அலகைத் துணியில் மெழுகு காத்துத் தந்தது. உலோகத்தில் தகடு தாங்கியது.

இம்மூன்று வழிகளையும் ஒப்பு நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். எது நிலைக்க வேண்டும், எது போகலாம் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்தவனுக்கே மெழுகு அடங்குகிறது. மெழுகே நிலைக்க வேண்டுமாயின் வெயிலும் செல்லும் அணுகாத இடத்தை அதற்குத் தேட வேண்டும். மன்னார்ப் புறத்தில் இதனைப் பயில விரும்பும் இளைஞர், துணியில் தீட்டுவதைக் காட்டிலும் வளையாத தடித்த பலகையில் தீட்டுவது நன்று. வளையும் பரப்பில் மெழுகு வெடிக்கும். முடிந்த படத்தை நேர்வெயில் படாத சுவரில் தொங்கவிடவேண்டும். மெழுகைப் புகையெழும் வரை காய்ச்சுவது தீங்கு. அப்புகை நெஞ்சைத் தாக்கும், மெழுகும் தீப்பற்றக்கூடும். காற்றோட்டமுள்ள இடத்திலேயே இத்தொழிலைச் செய்ய வேண்டும். ஈயமோ பாதரசமோ கலந்த பொடி வர்ணங்களை அறவே விலக்க வேண்டும்.

மெழுகு எங்கிருந்து வருகிறது என்பதையும் மறத்தலாகாது. கண்டலும் காட்டுமரமும் பூத்தால்தான் தேனீ வரும். தேனீ வந்தால்தான் மெழுகு கிடைக்கும். கண்டற் காட்டை வெட்டிவிட்டு அதன் படத்தை மெழுகில் தீட்டப் புகுபவனுக்குக் காட்சியும் இராது, காட்சியை எழுதும் பொருளும் இராது. பாப்பாமோட்டைக் கரையில் நீர் வற்றி மீண்டும் நிறைகிறது. பூநாரைகள் வந்து திரும்புகின்றன. அவற்றின் ஒரு மாலைப்பொழுதைப் பலகையில் நிறுத்துவதா, வெண்கலத்துக்கு மாற்றுவதா, துணியிலே காப்பதா என்பதைக் கலைஞன் தேர்ந்துகொள்ளட்டும். அத்தேர்வுக்கு வேண்டிய மெழுகைத் தரும் பூக்கள் அக்கரையிலே தொடர்ந்து பூக்கும்படி பார்த்துக்கொள்வது ஊராரின் கையில் இருக்கிறது.